ஒன்பது மாடுகள் கேட்ட சட்டசபை

பனிக்காலத்தில் அந்த மேட்டுப்பாதையில் வண்டி ஓட்டக் கண் தேவையில்லை, பழக்கம் இருந்தால் போதும். விளக்கைப் போட்டால் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் வந்து நிற்கும். அணைத்தால் அதே சுவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவது போல இருக்கும். நான் அணைத்துவிட்டுத்தான் போவேன். பதினோரு வருடம் பால்வண்டி ஓட்டியவனுக்கு இதற்குமேல் புத்தி வராது என்று என் வீட்டில் சொல்வார்கள். அதிலும் தப்பில்லை.

பாதை முடியும் இடத்தில் கடைசி வீடு உறுப்பினருடையது. சட்டசபை உறுப்பினர் என்று முழுதாகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. உறுப்பினர் என்றால் அவர் ஒருவர்தான். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஒன்பது மாடுகள். ஐந்தரை மணிக்கு நான் போய் நிற்கும்போது கறவை முடிகிற நேரமாக இருக்கும். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை. ஆனால் பதினோரு வருடம் ஒருவர் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் விட்டுப்போன தூக்கம் எனக்குத் திரும்ப வந்துவிடும். மாடுகளின் மூச்சு, ஈர வைக்கோல், வாளியில் பால் விழும் சத்தம். நுரை ஏற ஏற அந்தச் சத்தம் மந்தமாகிக்கொண்டே போகும். இதற்கெல்லாம் மேலே, தூணில் ஆணியடித்து மாட்டிய ரேடியோவில் சட்டசபை நடந்துகொண்டிருக்கும். சபை கூடுகிற மாதங்களில் முந்தின நாள் நடந்ததை விடிகாலையில் மறுபடி ஒலிபரப்புவார்கள். அக்கா அதைக் கேசட்டில் பதிந்தும் வைத்திருந்தார். சபை கூடாத மாதங்களில் கேசட் ஓடும். உரம், சாலை, பள்ளிக்கூடக் கூரை என்று யார் யாரோ முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். "அமைதி, அமைதி" என்பார் சபாநாயகர். எங்கள் மாடுகள் அதற்கு முன்பே அமைதியாகத்தான் இருக்கும். நடுவில் உறுப்பினரின் குரல் வரும். அக்கா கையை நிறுத்த மாட்டார். நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். நான் கதவில் சாய்ந்து டீயை ஊதிக் குடித்தபடி, விழித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன்.

உறுப்பினரை நான் அண்ணன் என்பேன். அவர் சட்டசபைக்குப் போனதே பாலால்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. என் வண்டி அந்தப் பக்கம் போக முடியாமல், ஆறு வடியும்வரை மூன்று மாதம் கிடந்தது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்ததும், அண்ணன் ஒரு நாள் மூன்று கேன் பாலைச் சுற்றுவழியில் கொண்டுபோய் அதிகாரியின் அலுவலகத்தில், வந்தவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கினார். மூடியைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயா வேலையாக இருக்கிறார் என்றார்கள். இருக்கட்டும், நான் காத்திருக்கிறேன் என்றார். அப்போது நல்ல வெயில். இரண்டாம் நாள் மத்தியானம் அந்த வாடை இவருக்கு முன்னால் அதிகாரியின் அறைக்குள் போய்விட்டது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். "எங்க வீட்ல மூணு மாசமா இப்படித்தாங்க இருக்கு" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேசினார். அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் இவரை விடவில்லை. ஜெயித்தார், பாலமும் வந்தது.

அவர் தலைநகருக்குப் போனபோது வாளி அக்காவின் கைக்கு வந்தது. அதுவரை இருபது வருடம் அக்கா இரண்டாம் ஆள். வெந்நீர் போடுவது, கேன் கழுவுவது, கறந்த பாலை வடிகட்டுவது, தீவனம் தூக்குவது. முதல் மாதம் மாடுகள் அவருக்குச் சரியாகப் பால் விடவில்லை. மாடு புதுக் கையைக் கண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். என்ன இழுத்தாலும் இறங்காது. அக்காவின் விரலெல்லாம் கொப்புளம். அப்புறம்தான் ரேடியோ வந்தது. அண்ணன் குரலாவது மாட்டின் காதில் விழட்டும் என்று மாட்டினார். மாட்டுக்காகவா தனக்காகவா என்று நான் கேட்கவில்லை. பத்தே நாளில் பால் இறங்க ஆரம்பித்தது. போகப் போக, அண்ணன் குரல் என்றில்லை, அந்தச் சபையின் முணுமுணுப்புக் கேட்டாலே மடி சுரந்துவிடும் என்று ஆகிவிட்டது.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. சனி, ஞாயிறில் வருவார். தலைநகர் அலுப்பில் எட்டு மணிவரை தூங்குவார். அக்காவும் அவரை விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எழுப்பாமல், ரேடியோ சத்தத்தைக் குறைத்துவைத்துக் கறந்து முடித்துவிடுவார்.

ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தபோதுதான் விஷயம் வந்தது. மறுபடி நிற்கிறாரா இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லும்படி கட்சி கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு நன்றிக் கூட்டம் போட்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் அண்ணன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் போதும்ங்க. நான் என் மாட்டுக்கிட்டயே திரும்பிப் போறேன்."

மண்டபம் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கை மடியில் அப்படியே இருந்தது.

"உங்ககிட்ட சொன்னாராக்கா?"

"இப்பத்தான் சொன்னாரே, மைக்கு வச்சு" என்றார்.

திங்கட்கிழமை நான் போனபோது கொட்டகையிலிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. பழைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ அணைந்திருந்தது. அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரேடியோவை ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"அட போப்பா. அஞ்சு வருஷம் அந்தச் சத்தத்துல உக்காந்தது பத்தாதா? காலங்காத்தால சபாநாயகர் குரலை வேற கேக்கணுமா? நான் சீட்டி அடிச்சா போதும். இதுங்க தானா சுரக்கும், நீ வேணா பாரு."

மாடுகள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. மரியாதையாகத்தான் பார்த்தன. பால்தான் வரவில்லை. மூன்று கேன் நிரம்புகிற இடத்தில் இரண்டு கேன் தளும்பாமல் நின்றது. அண்ணன் விரல்களை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கை மெத்துனு ஆயிடுச்சு, தம்பி. கையெழுத்தாப் போட்டுப் போட்டு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

கேனைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க, அக்கா வண்டிவரைக்கும் கூடவே வந்தார். பனியில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"ரேடியோ இல்லாமக் கறந்தா எப்படிக்கா..."

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லல. நீயும் சொல்லாத."

நான் கேனைக் கீழே வைத்துவிட்டேன்.

"இருவது வருஷம் அவர் கறந்து கொடுத்ததைத் தூக்கிட்டு நடந்தேன் தம்பி. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த அஞ்சு வருஷம் வேற. வெள்ளைக்காது மாடு ஈனறப்போ கன்னு கால் மடங்கி உள்ளயே நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. நான் கையை உள்ள விட்டுத் திருப்பி எடுத்தேன். அது வைக்கோல்ல விழுந்து ஒரு தும்மல் போட்டுச்சு பாரு. நான் தனியா உக்காந்து சிரிச்சேன். அப்படி நான் சிரிச்சதே கிடையாது. இப்ப வந்து என் மாடுங்கறார். மறுபடி நான் கேன் கழுவணுமா?"

"அதுக்கு?"

"மூணு நாள் கறந்து பாக்கட்டும். கறக்கற கை நமக்குப் போயிடுச்சுன்னு அவருக்கே தெரிஞ்சுரும். வியாழக்கிழமை கட்சிக்காரர்கிட்ட சரின்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவார்."

"பாவம்க்கா அவரு."

"பாவம்தான். எனக்குத் தெரியாதா?"

என் வாய் சும்மா இருக்காது என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த கேன் ஏற்றுவதற்குள் அங்கே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் அந்த மூன்று நாளும் வாயைத் தைத்துக்கொண்டு திரிந்தேன். அக்கா சொன்னது நியாயமாகப் பட்டது. அண்ணனைப் பார்த்தால் அவர் முகமும் நியாயமாகவே பட்டது. நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை அண்ணன் வெந்நீரில் துணி நனைத்து ஒவ்வொரு மடியையும் துடைத்தார். சீட்டியை மாற்றி அடித்தார். மாடுகளின் காதில் ஏதேதோ பேசினார். ஒன்றரைக் கேன். புதன்கிழமை பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. மாடுகளின் கால் தெரியவில்லை. ஒன்பது முதுகுகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. ரேடியோ இல்லாத அந்த இடம் எனக்கே பிடிபடவில்லை. யாரோ காலிசெய்துபோன வீடு மாதிரி இருந்தது. அண்ணன் கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"என்னை மறந்துடுச்சுங்க தம்பி."

"மாடு மறக்குமாண்ணே?"

"மறந்துடுச்சுங்க. நான் அங்க இருந்தப்போ தினம் ராத்திரி இதுங்களை வரிசையா நினைச்சுக்குவேன். பெரியவ, வெள்ளைக்காது, சண்டைக்காரின்னு. ஒம்பது வர்றதுக்குள்ள தூங்கிடுவேன். அது ஒண்ணுதான் அங்க எனக்கு ஆறுதல்."

"அங்க அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம்னு இல்ல. நல்ல சாப்பாடு, நல்ல நாற்காலி. ஆனா நான் எழுந்து பேசினா ஒருத்தன் நிமிர மாட்டான். ஒருத்தன் பேப்பர் படிப்பான், ஒருத்தன் நகம் கடிப்பான். நானும் பாலம், பால் விலை, மாட்டு டாக்டர்னு பேசிக்கிட்டே நிப்பேன். கிணத்துல கல்லைப் போட்டா 'தொபுக்'னு சத்தமாவது வரும். அங்க அதுகூட வராது. அஞ்சு வருஷம் யாருகிட்ட பேசினேன்னே எனக்குத் தெரியல. இங்கயாவது என்னைத் தெரிஞ்ச ஜீவன் இருக்கும்னு வந்தேன். இதுங்களும் கையை விரிச்சுடுச்சு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாசலில் அக்கா நின்றார். அவரும் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டார். அன்று அக்காவின் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். சண்டைக்காரியின் மடி கல் மாதிரி இறுகியிருந்ததை நானே பார்த்தேன். பாலை மடியிலேயே விட்டுவைத்தால் மடிநோய் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அரைமணி முன்னதாகவே போய்விட்டேன். மூன்றரைக்கே எழுந்து வண்டியில் உட்கார்ந்தவனுக்கு எந்த வளைவில் திரும்பினேன் என்றுகூட நினைவில்லை. கொட்டகை வாசலில் இறங்கும்போது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் சண்டைக்காரியின் பக்கத்தில் முட்டிபோட்டிருந்தார். இடது உள்ளங்கையில் கொஞ்சம் பாலைப் பீச்சி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலில் வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. ஒரு காம்பு சிவந்து வீங்கியிருந்தது. எட்டி உதைக்கிற மாடு, அன்று உதைக்கக்கூடச் செய்யாமல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

"நான்தான் கெடுத்துட்டேன்" என்றார் அண்ணன். "நல்லா இருந்த மாட்டை வந்து கெடுத்துட்டேன்."

அக்கா வெந்நீர் வாளியோடு உள்ளே வந்தார். அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததில்லை.

"எழுந்திரிங்க" என்றார்.

அண்ணன் எழுந்தார். அக்கா எட்டி ரேடியோவின் பொத்தானை அழுத்தினார். கேசட் கரகரத்துச் சுற்றியது. "மாண்புமிகு உறுப்பினர் பேசலாம்" என்றது ஒரு குரல். பிறகு அண்ணனின் குரல் வந்தது, கொஞ்சம் பயந்து, கொஞ்சம் வேகமாக: மழைக்காலத்தில் மூன்று மாதம் எங்கள் பக்கத்துப் பால் ஆற்றைத் தாண்டாது என்று.

கொட்டகை முழுவதும் ஒரு அசைவு போயிற்று. ஒன்பது மாடும் அசைபோட ஆரம்பித்தன. கடைசியில் நின்ற தூங்குமூஞ்சிக்கு, கை வைக்காமலே காம்பிலிருந்து பால் சொட்டியது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து துணியை வெந்நீரில் பிழிந்து சண்டைக்காரியின் மடியில் வைத்தார். கெட்ட காம்பின் பாலைத் தனியாகக் கீழே பீச்சினார். பிறகு மற்ற மூன்று காம்பிலும் கை வைத்தார். பால் வாளியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

அண்ணன் தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"இது எப்பப் பேசினது?"

"முதல் வருஷம். மூணாவது தடவை எழுந்தப்போ."

"இதை எதுக்கு வச்சிருக்க?"

"எல்லாம் வச்சிருக்கேன். தினம் இதைக் கேட்டுத்தான் கறக்கறேன். இதுங்களுக்கு இந்தச் சத்தம் இல்லாம இறங்காது. திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும். வேணும்னேதான் சொல்லல."

"வேணும்னேவா?"

"நீங்க திரும்பப் போயிடணும்னு." அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க வந்துட்டா நான் மறுபடி ரெண்டாம் ஆளாயிடுவேன்னு பயந்தேன். அதுக்கு இந்த வாயில்லா ஜீவனை வலிக்க விட்டேன். உங்களையும்தான். நேத்து நீங்க தம்பிகிட்ட சொன்னதைக் கேட்டேன். ராத்திரி பூரா தூங்கல."

ரேடியோவில் யாரோ இருமினார்கள்.

"நாப்பத்தோரு தடவை பேசினேன்" என்றார். "அத்தனையுமா கேட்ட?"

"நாப்பத்திரண்டு. ரெண்டாம் வருஷம் ஒருத்தர் மாட்டு டாக்டர் வேணும்னு பேசும்போது நடுவுல எழுந்து 'ஆமாங்க'ன்னு சொன்னீங்க. அதை நீங்க கணக்குல சேர்க்கல."

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். அழுதாரா என்றால், அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் வேலையிருக்கிறவன் மாதிரி கேன் மூடிகளை எண்ண ஆரம்பித்தேன். மூன்றே மூடி. அதையே நாலைந்து தடவை எண்ணினேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்றது. கட்சிச் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு வருகிற அளவுக்கு நல்ல மனிதர். சாணியைத் தாண்டித் தாண்டிக் கால்வைத்து உள்ளே வந்தவர், ரேடியோவைக் கேட்டு ஒரு கணம் திகைத்து நின்றார். தூக்கத்தில் தலைநகருக்கே போய்விட்டோமோ என்று நினைத்திருப்பார்.

"நல்ல வேளை, முழிச்சிருக்கீங்க. இன்னைக்குப் பதில் சொல்லணும்னு தலைவர் கேக்கறாருங்க. நீங்க நின்னா ஜெயிக்கிறது உறுதி. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்றாங்க."

அக்கா கறந்துகொண்டே இருந்தார். ஆனால் காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நான் நிக்கலைங்க" என்றார் அண்ணன்.

பால் விழும் சத்தம் நின்றது.

"அப்ப மண்டபத்துல சொன்ன மாதிரியேவா? மாட்டைப் பாத்துக்கிட்டு?"

"அது தப்பாச் சொல்லிட்டேன். மாடு என்னுது இல்ல. இவ கொட்டகை இது." அண்ணன் முகத்தைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டார். "இவகிட்ட வேலை கேக்கலாம்னு இருக்கேன். கேன் கழுவறது, வெந்நீர் போடறது, அந்த மாதிரி."

செயலாளர் சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நான் மூடிகளைப் பார்த்தேன்.

"கொடுக்கலேன்னா?" என்றார் செயலாளர்.

"கொடுக்கலேன்னாலும் இங்கதான் இருப்பேன். வேற எங்கங்க போறது?"

செயலாளர் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு கையைக் குலுக்கிவிட்டு, வந்த மாதிரியே தாண்டித் தாண்டிப் போனார். காரின் சத்தம் பனிக்குள் கொஞ்சம் தூரம் போய் அடங்கியது.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போற வழியில மாட்டு டாக்டரை வரச் சொல்லிடு தம்பி" என்றார் என்னிடம். பிறகு வாளியை அண்ணன் கையில் கொடுக்காமல் தானே வடிகட்டியில் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலத்திலேர்ந்து என் பக்கத்துல வந்து நில்லுங்க. கை வைக்கக் கூடாது. சீட்டி அடிக்கக் கூடாது. சும்மா நிக்கணும். உங்களைப் பாத்துப் பழகட்டும்."

"எவ்வளவு நாள் நிக்கணும்?"

"மாட்டுக்கு ஒரு மாசம் ஆகும்."

அண்ணன் தலையாட்டினார். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். புதிதாக வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பது போல, நிதானமாக.

"எனக்கு எவ்வளவு நாள் ஆகும்னு தெரியலங்க" என்றார்.